ஒஸ்கார் தொட்டியில் கெளுத்தி விடலாமா?

தம்பி, நீங்கள் கேட்டதை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். மலைநாட்டில் நோர்வூட் பக்கம், தேயிலைத் தோட்டத்து வீட்டில் நாலடித் தொட்டி. அதில் ஒரு சாண் அளவில் இரண்டு ஒஸ்கார், கூடவே ஒரு சோடி கொன்விக்ட், இரண்டுமே சிக்லிட் என்ற குடும்பத்து மீன்கள். அடியில் கழிவும் மிச்சத் தீனியும் சேர்கிறது என்று கடையில் கேட்டிருக்கிறீர்கள். கடைக்காரர் கொரிடோரஸ் என்ற சின்னக் கெளுத்தியில் ஆறைப் பையில் போட்டுக் கொடுத்திருக்கிறார். பத்து நாளில் நாலு காணாமல் போய்விட்டன. இப்போது "ஒஸ்காரோடு தாக்குப்பிடிக்கிற கெளுத்தி எது?" என்று கேட்கிறீர்கள். ஆனால் எழுதியதை இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன். உங்களுக்கு வேண்டியது கெளுத்தி மாதிரித் தெரியவில்லை, அடியைக் கூட்டுவதற்கு ஓர் ஆள். அதனால் அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

அடியைக் கூட்டுகிற மீன் என்று ஒன்று கிடையாது. ஹட்டனில் 11 வருடம் சின்னதாக ஒரு மீன் கடை வைத்திருந்தவன் சொல்கிறேன். நானும் அந்த நாளில் "இதைப் போடுங்க, டேங்க் பளிச்சென்று இருக்கும்" என்று சொல்லி விற்றவன்தான். டேங்க் கிளீனர் என்று ஒரு கெளுத்தியை விற்பார்கள், அந்தப் பெயரே பாதி விற்றுக் கொடுக்கும். கெளுத்தி மிஞ்சிய தீனியைத் தின்னும், அது உண்மை. தின்றது பிறகு எங்கே போகும்? அதுவும் கழிவாக அதே அடியில்தான் விழும். வளர்ந்த டேங்க் கிளீனர் ஒன்று நாள் முழுக்கக் கயிறு கயிறாகப் போடும், பார்த்தால் ஒஸ்காரே தேவலை போல் இருக்கும். மீன் கழிவை எந்தக் கெளுத்தியும் தீனியாகத் தின்று வாழாது. உங்கள் அடி அழுக்குக்கு மருந்து மூன்று: தீனியைக் குறைப்பது, பில்டரின் ஓட்டம் அடிவரை போகிற மாதிரித் திருப்பி வைப்பது, வாரம் ஒரு தடவை குழாய் போட்டு அடியை உறிஞ்சி எடுப்பது. இதைச் செய்துவிட்டு, அப்புறமும் கெளுத்தி மேல் ஆசை இருந்தால் மேலே வாசியுங்கள். ஆசை இருப்பது தப்பில்லை, எனக்கும் அவைதான் பிடித்த மீன்.

சிக்லிட் ஏன் கெளுத்தியை விரட்டுகிறது என்பது விளங்கினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். எல்லாரும் அதைக் கோபக்கார மீன் என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். நான் பார்த்தவரை சண்டை முழுக்கத் தரைக்காக. கொன்விக்ட் மத்திய அமெரிக்க மீன். முட்டையைக் கல்லிலோ சட்டிக்குள்ளோ ஒட்டிவைத்துவிட்டு, பக்கத்தில் பள்ளம் தோண்டி, பொரித்த குஞ்சுகளை அதில் போட்டு, ஆணும் பெண்ணும் சேர்ந்து காவல் நிற்கும். கெளுத்தி என்ன செய்யும்? இரவில் வெளிச்சம் போனதும் மீசையால் தடவிக்கொண்டு அந்தப் பக்கமே வரும், முட்டையைக் கண்டால் விடாது. சிக்லிட்டுக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது, கெளுத்திக்குக் கண்ணே தேவையில்லை. ஆக, இரவில் நடந்த களவுக்குப் பகலில் அடி விழுகிறது. இதைத் தெரிந்துகொண்டால் கொன்விக்ட் மேல் கோபம் வராது. தொட்டியில் அதிகப் போட்டி உள்ள காணி அடித்தரை. நீங்கள் கெளுத்தியைக் குடிவைக்கப் பார்ப்பதும் அங்கேதான்.

ஒஸ்காரின் கதை வேறு. அது அமேசன் பக்கத்து மீன், காணிச் சண்டையை விட வாய்தான் பெரிது. வாய்க்குள் போகிற எதையும் தின்று பார்க்கும். உங்கள் நாலு கொரிடோரஸும் அங்கேதான் போயிருக்க வேண்டும், செத்த உடல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒஸ்கார் உயிரோடு இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். கொரிடோரஸுக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக மூன்று முள். பயந்தால் அவற்றை விரித்துப் பூட்டிக்கொள்ளும். பூட்டினால் செத்த பிறகும் சுலபமாக மடங்காது. கடை வைத்திருந்த காலத்தில் ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால், பெரிய ஒஸ்கார் ஒன்று வாயைப் பிளந்தபடி மூலையில் நிற்கிறது, வாயிலிருந்து ஒரு குட்டி வால் நீட்டிக்கொண்டிருக்கிறது. வாலைப் பிடித்து இழுக்கத்தான் எல்லாருக்கும் கை போகும். இழுத்தால் முள் இன்னும் உள்ளே ஏறும். ஈரத் துணியில் ஒஸ்காரைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, நகவெட்டியை உள்ளே விட்டு, தாடையில் குத்தி நின்ற இரண்டு பக்க முள்ளையும் ஒவ்வொன்றாக வெட்டினேன். அப்புறம்தான் கொரிடோரஸ் வெளியே வந்தது, உயிர் இல்லாமல். ஒஸ்கார் ஐந்து நாள் எதுவும் தின்னவில்லை, ஆறாம் நாள் பழையபடி கண்ணாடியை முட்டியது. உங்களுக்கும் அப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்பதற்காகத்தான் இவ்வளவு விளக்கம். தைரியம் இல்லாவிட்டால் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோங்கள், ஆனால் மணிக்கணக்கில் தாமதிக்க வேண்டாம்.

சரி, எதை விடலாம்? ஒஸ்காரோடு எனக்கு அதிகம் கைகொடுத்தது வரிபோட்ட ரபேல் கெளுத்தி. கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு, பக்கவாட்டில் ரம்பம் மாதிரி முள்வரிசை. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக, 20 சென்டிமீட்டர் அளவுக்கு வளரும். சிக்லிட் கடித்தாலும் கடித்த வாய்க்குத்தான் நோகும். ஒரே குறை, பகலில் முகத்தையே காட்டாது. என்னிடம் இருந்த ஒன்றை மூன்று மாதம் காணாமல் செத்துவிட்டது என்றே நினைத்தேன். தொட்டியை இடம் மாற்றக் கல்லைத் தூக்கினபோது அடியில் கொழுத்துப் படுத்திருந்தது. வெளியே எடுத்தால் கிரீச் கிரீச் என்று சத்தமும் போடும், பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கை. இரண்டாவது, இறகுச் சிறகு சினோடொன்டிஸ். ஆபிரிக்க மீன், சுறுசுறுப்பு, தன் குகைக்காகத் திருப்பி அடிக்கவும் தெரியும். 20 சென்டிமீட்டரைத் தாண்டும் என்பதால் இடம் வேண்டும். மூன்றாவது, பிரிஸ்டில்நோஸ் என்ற மீசை பிளெக்கோ. ஒரு விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்ததாகப் பார்த்து வாங்க வேண்டும், மரக்கட்டை ஒன்றும் போட வேண்டும். குட்டியாக விட்டால் கொரிடோரஸின் கதைதான் இதற்கும்.

சாதாரண டேங்க் கிளீனரைப் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். கடையில் சுண்டுவிரல் அளவில் இருக்கும் அது வளர்ந்தால் ஒன்றரை அடிக்குப் பக்கத்தில் போகும். நாலடித் தொட்டியில் திரும்பவே இடம் இராது. பசியோடு இருந்தால் இரவில் தூங்குகிற ஒஸ்காரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு மேல்தோலின் வழுவழுப்பை உறிஞ்சுவதும் உண்டு. விடிந்து பார்த்தால் ஒஸ்காரின் உடம்பில் வட்ட வட்டமாகத் தழும்பு இருக்கும். பெரிதாகிவிட்டதே என்று காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களில் கொண்டுபோய் விடுகிற வேலை மட்டும் வேண்டாம். இலங்கையின் ஆறு குளங்களில் அது ஏற்கெனவே பரவிக் கிடக்கிறது, கரையில் வளை தோண்டி முட்டையிடும், வலைக்காரர்களின் வலையையும் கிழிக்கும். சிவப்பு வால் கெளுத்தியைக் குட்டியாகக் கண்டு மயங்கிவிடாதீர்கள், அது ஒரு மீட்டரைத் தாண்டுகிற மீன், ஒஸ்காரையே விழுங்கிவிடும்.

மட்டக்களப்புப் பக்கம் போய்வருகிறவர்கள் சிலர் போத்தலில் சுங்கான் பிடித்துக் கொண்டுவந்து "இது நம்ம ஊர் கெளுத்தி, எதற்கும் சாகாது" என்று தருவார்கள். எளிதில் சாகாது என்பது சரி, காற்றையே சுவாசித்துக் கிடக்கும். ஆனால் அதன் பக்க முள்ளில் விஷம் இருக்கிறது. தொட்டிக்குள் கைவிட்டுக் கல் நகர்த்துகிற பிள்ளைகள் உள்ள வீட்டில் அதை வைக்க மாட்டேன். தற்செயலாகக் குத்திவிட்டால், தாங்கக்கூடிய சுடுநீரில் கையை வைத்திருந்தால் வலி குறையும். வீக்கம் ஏறினாலோ மயக்கம் வந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

உங்களிடம் இல்லாவிட்டாலும் ஆபிரிக்காவின் மலாவி ஏரிச் சிக்லிட் வைத்திருப்பவர்கள் வாசிப்பார்கள் என்பதால் ஒரு வரி. அவற்றோடு சின்ன வகைச் சினோடொன்டிஸ் நன்றாக ஒத்துப்போகும். அதிலே குயில் கெளுத்தி என்று ஒன்று உண்டு, அதுவும் ஆபிரிக்காவில், தங்கனிக்கா ஏரி மீன். வாயில் முட்டை அடைகாக்கிற சிக்லிட் முட்டையிடும் நேரம் பார்த்து நடுவில் புகுந்து தன் முட்டையையும் போட்டுவிடும். தாய் மீன் எல்லாவற்றையும் சேர்த்து வாயில் அள்ளிக்கொள்ளும். கெளுத்திக் குஞ்சு முந்திப் பொரித்து, அந்த வாய்க்குள்ளேயே வீட்டுக்காரியின் குஞ்சுகளைத் தின்று வளரும். ஜப்பானிய ஆய்வாளர் ஒருவர் 1986இல் வெளியிட்ட பிறகுதான் இந்த விஷயம் உலகுக்குத் தெரிந்தது. சிக்லிட்டும் கெளுத்தியும் ஒருவரையொருவர் எவ்வளவு காலமாக அறிந்திருக்கின்றன என்பதற்காகச் சொன்னேன். உங்கள் தொட்டிக்கு அது வேண்டாம்.

இனி மலைநாட்டு விஷயம். புத்தகங்களும் வீடியோக்களும் கொழும்பு மாதிரி இடத்தை நினைத்துப் பேசுகின்றன. நோர்வூட்டில் தை மாசி மாதத்தில் தகரக் கூரை வீட்டுக்குள் விடியற்காலையில் 14, 15 பாகை இருந்தால் ஆச்சரியமில்லை. ஒஸ்காருக்கு 25, 26 வேண்டும். லீட்டருக்கு 1 வாட் ஹீட்டர் என்ற கணக்கு இங்கே செல்லாது. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் கல், மண் போக 230 லீட்டர் அளவு நிற்கும். அதற்கு நான் 250 வாட் ஹீட்டர் இரண்டு போடுவேன். ஒன்றாக 500 வாட் வாங்கினால், அது விடாமல் எரிந்தால் மீன் வெந்துவிடும், அணைந்துவிட்டால் விறைத்துவிடும். இரண்டாக இருந்தால் ஒன்று கெட்டாலும் கண்டுபிடித்துச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். ஹீட்டருக்குப் பிளாஸ்டிக் கூடு கட்டாயம். ஒஸ்கார் உடைக்கும் என்பதற்காக மட்டுமில்லை. குளிர் ராத்திரியில் கெளுத்தி போய் ஹீட்டர்மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும், செதில் இல்லாத தோல் வெந்துவிடும். என் பிளெக்கோ ஒன்றின் விலாவில் அயன் பண்ணின மாதிரி நேராக ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. ஏதோ நோய் என்று ஒரு வாரம் மருந்து தேடினேன்; அப்புறம்தான் அந்தக் கோடும் ஹீட்டர் குழாயும் ஒரே நீளம் என்பது கண்ணில் பட்டது.

கரண்ட் போவதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதென்று சொன்னார்கள், நாடே இருட்டானது. தொட்டியின் மூன்று பக்கமும் அடியிலும் ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பலகை ஒட்டி, மேலே கண்ணாடி மூடி போட்டு, கரண்ட் போனதும் முன்பக்கத்தைக் கம்பளியால் போர்த்தினால் என் வீட்டில் ஒரு ராத்திரியில் 26இலிருந்து 22க்குத்தான் இறங்கியது. போர்த்தாத தொட்டி 20க்குக் கீழே போய்விட்டது. கொன்விக்ட் அதைத் தாங்கும். ஒஸ்கார் மந்தமாகிவிடும், தீனி செரிக்காது; அன்றைக்கும் மறுநாளும் தீனி போடாதீர்கள்.

தண்ணீர் மாற்றும்போதும் இதே கவனம் வேண்டும். மலை ஊற்றிலிருந்து வருகிற பீலித் தண்ணீர் 15 பாகை என்று வையுங்கள். 230 லீட்டரில் 80 லீட்டரை எடுத்துவிட்டு அதை அப்படியே ஊற்றினால் தொட்டி 22க்கு இறங்கிவிடும். மூன்றாம் நாள் வெள்ளைப்புள்ளி நோய் வந்து நிற்கும். அந்த 80 லீட்டரில் 11 லீட்டர் அளவைக் கொதிக்க வைத்துக் கலந்தால் 26க்கு வந்துவிடும். பீலித் தண்ணீரில் குளோரின் இராது, அது நல்லது. தாதுச் சத்தும் குறைவு. ஒஸ்காருக்கும் ரபேலுக்கும் அது பிடித்தமான தண்ணீர்தான், ஆனால் நிறையத் தீனி போடுகிற தொட்டியில் அமிலம் சீக்கிரம் ஏறிவிடும், பில்டரில் உள்ள நல்ல பக்டீரியா சோர்ந்துவிடும். தேயிலைக்குப் போடுகிற டொலமைட்டின் சின்னக் கல்லாகக் கிடைத்தால், கழுவி ஒரு கைப்பிடியைத் துணிப்பையில் கட்டிப் பில்டருக்குள் வைக்கலாம். தூளாக வேண்டாம், தொட்டி பால் மாதிரி ஆகிவிடும்.

பீலி தேயிலை மலைக்குக் கீழே இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். 1946இல் இந்த நாட்டுக்கு வந்த தேயிலைக் கொப்புள நோய்க்கு, மழைக் காலத்தில் செம்பு கலந்த மருந்து அடிப்பது வழக்கம். செம்பு மீனுக்கு நஞ்சு, தாது குறைந்த தண்ணீரில் இன்னும் கடுமை. மருந்து அடித்துப் பெரிய மழை பெய்த அடுத்த இரண்டு மூன்று நாள் பீலித் தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்க மாட்டேன், முன்கூட்டி பீப்பாயில் பிடித்து வைத்துக்கொள்வேன். அப்படிச் சேர்கிற செம்பின் அளவை நான் அளந்ததில்லை, இது என் பயம் கலந்த வழக்கம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப்புள்ளிக்குக் கடையில் தருகிற மருந்திலும் செம்போ மலக்கைட் பச்சையோ இருக்கலாம். கெளுத்தி உள்ள தொட்டியில் பாதி அளவு போட்டு, வெப்பத்தை மெதுவாக 30க்கு ஏற்றிக் காற்றுக்கல் வைப்பதுதான் என் முறை.

கெளுத்தியை விடுகிற நாள் முக்கியம். முதலில் கல்லையும் கட்டையையும் இடம் மாற்றுங்கள். பழைய எல்லை கலைந்து போனால் எல்லாருமே புது ஆள். இரண்டு மூன்று குகை வேண்டும், ஒவ்வொன்றும் கெளுத்தி நுழையவும் ஒஸ்காரின் தலை நுழையாமலும் இருக்கிற அளவில். நான் பாவிப்பது 3 அங்குலக் குழாய்த் துண்டும் கவிழ்த்த மண்சட்டியும். விளக்கை அணைத்து ஒரு மணித்தியாலம் கழித்து இருட்டில் விடுங்கள், மறுநாள் பகல் முழுக்கவும் விளக்குப் போடாதீர்கள். அப்புறம் இதைத்தான் எல்லாரும் மறப்பார்கள்: கெளுத்திக்கென்று தனியாகத் தீனி, விளக்கணைத்த பிறகு, மூழ்குகிற குளிசை. மிச்சத்தைத் தின்று வாழும் என்று விட்டால் ஒஸ்கார் மிச்சம் வைக்காது, கெளுத்தி வயிறு ஒட்டி மெல்லமாகச் சாகும். வாரத்தில் ஒரு காலை டோர்ச் அடித்துக் கண்ணும் சிறகும் ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள். சிக்லிட் முதலில் கண்ணைத்தான் கொத்தும்.

இவ்வளவும் சொன்ன பிறகு உங்கள் தொட்டிக்கு வருகிறேன். இரண்டு ஒஸ்கார் வளர்ந்தால் ஆளுக்கு ஓர் அடி. நாலடித் தொட்டி அவற்றுக்கே இறுக்கம். அதோடு முட்டையிடுகிற கொன்விக்ட் சோடி. இந்தக் கூட்டத்தில் எந்தக் கெளுத்தியை விட்டாலும் தரைக்கு அடிபட்டே தீரும். கொன்விக்ட் சோடியை யாருக்காவது கொடுத்துவிட்டு, இரண்டு மாதம் பொறுத்து, ஒரே ஒரு ரபேல் வாங்கி விடுங்கள். அது நிலைக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஒவ்வொரு ஒஸ்காருக்கும் ஒவ்வொரு குணம். இருந்தாலும் என் கையில் நாலில் மூன்று தடவை நிலைத்திருக்கிறது. கொன்விக்ட்டைக் கொடுக்க மனமில்லை என்றால் கெளுத்தி வேண்டாம், குழாய் போட்டு உறிஞ்சுவதே போதும்.

மிஞ்சின இரண்டு கொரிடோரஸையும் இன்று இரவே வெளியே எடுங்கள். வலை போடாதீர்கள், முள் வலையில் மாட்டிக் கிழியும். தயிர்க்கோப்பை மாதிரி ஏதாவது பிளாஸ்டிக் கோப்பையால் மூலைக்கு ஓட்டி அள்ளுங்கள். இரண்டடித் தொட்டி ஒன்றில் மெல்லிய மணல் போட்டு, அதே வகையில் இன்னும் நாலு சேர்த்து விட்டால் அவை சந்தோஷமாக இருக்கும். உடம்பில் மிளகுத்தூள் தூவின மாதிரிப் புள்ளி உள்ள வகை என்றால் 20 பாகைக் குளிரிலும் நன்றாக வாழும், உங்கள் வீட்டில் சின்ன ஹீட்டர் ஒன்றே போதும்.